குளிசை விழுங்கத் தண்ணீர் தாராளமாக வேண்டும்



கான் வெட்டும் தம்பி ஒருவருக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க, வாரத்துக்கு ஒரு தடவை குடிக்கும்படி டொக்சிசைக்கிளின் கெப்சூல் இரண்டு கொடுத்தார்கள். பகலில் மறந்துவிட்டார். இரவு படுக்கப் போகும்போது இரண்டையும் வாயில் போட்டு, ஒரு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுச் சாய்ந்துவிட்டார். விடியற்காலையில் நெஞ்சுக்கு நடுவே நெருப்பு வைத்தமாதிரி எரிச்சல். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மாரடைப்பு என்று லயமே கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர், கெப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிட்டது என்று சொன்னார்.

இது எப்படி நடக்கிறது? கெப்சூலின் தோல் ஈரம் பட்டால் பசைபோல ஆகும். தண்ணீர் போதாவிட்டால் வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். படுத்துவிட்டால் கீழே இறங்குவதும் சுணங்கும். உள்ளே இருக்கும் மருந்து கரைந்தால் அமிலத்தன்மை உள்ளது. ஒட்டிய இடத்தைச் சுட்டுவிடும். டெட்ராசைக்கிளின், கிளின்டாமைசின், அஸ்பிரின், இபுபுரோபன், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை ஆகியவையும் இப்படிச் செய்யலாம்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ குளிசையை விழுங்குங்கள்.
2. ஒரு மிடறு போதாது. ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
3. டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள்.
4. அதன்பின் அரை மணித்தியாலமாவது படுக்க வேண்டாம். படுக்கப்போகும் நேரத்தில் எடுக்கவே வேண்டாம்.
5. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் இந்த மருந்தை எடுக்கக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் நாமாகக் கொடுக்கக்கூடாது.

விழுங்கும்போது வலித்தால் அடுத்த குளிசையை எடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அநேகமாக, மருந்தை மாற்றினால் அல்லது நிறுத்தினால் சில நாட்களில், சில வாரங்களில் புண் ஆறிவிடும். இரத்த வாந்தி, கறுப்பு மலம், தண்ணீர்கூட இறங்காமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று நெஞ்சு வலித்தால், "குளிசைதானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பியின் கதையைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் குளிசைகளைக் கானில் வீசிவிட்டார்கள். அது பெரிய பிழை. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பாதித்து உயிரையே எடுக்கக்கூடியது. மருந்தின் மேல் குற்றமில்லை, விழுங்கிய முறையில்தான் பிழை. அந்தத் தம்பி இப்போது சுகமாகி வேலைக்கு வருகிறார். மருந்தை விடவில்லை, வைத்தியர் சொன்னபடி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரோடு எடுக்கிறார். நாமும் அப்படியே செய்வோம்.