லாக் நின்ற நேரத்தைப் பாருங்கள்

மெய்நிகர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை மனத்தில் வைத்து இவற்றைச் சொல்கிறேன்.

1. அந்தச் சர்வர் ஒன்றில் நுழைந்தவன் கையில், அதன்மேல் ஓடும் எல்லா இயந்திரங்களும் சிக்கிவிடும். 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் ஆயிரக்கணக்கான சர்வர்களைப் பூட்டியது. பிரான்சின் செர்ட் அமைப்பு சுட்டிக்காட்டிய ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வந்திருந்தது. அந்த நிரல் வேலை முடிந்ததும் சர்வரில் இருந்த லாக் கோப்புகளை அழித்துவிட்டுப் போனது. அதனால்தான் லாக் உடனுக்குடன் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறோம். விவரம் தெரிந்த திருடன் முதலில் அந்த வழியைத்தான் அடைப்பான்.

2. ஒவ்வொரு சர்வரிலும் ‘சிஸ்லாக் குளோபல் லாக்ஹோஸ்ட்’ அமைப்பில் என்ன முகவரி, என்ன போர்ட் இருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் சர்வர்களுக்கு வெளியே இருக்கட்டும். தினமும் ஒரு ஸ்கிரிப்ட் இருப்பதை எடுத்து, இருக்க வேண்டியதோடு ஒப்பிடட்டும். முகவரி காலியாகியிருந்தால் யாருக்கும் தெரியும். ஓர் எண் மட்டும் மாறியிருந்தால் கண் ஏமாந்துவிடும், ஸ்கிரிப்ட் ஏமாறாது.

3. முகவரி சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். லாக்ஹோஸ்டைத் தொடாமலே, சர்வரின் ஃபயர்வாலில் சிஸ்லாக் விதியை மூடிவிட்டால் ஒரு வரிகூட வெளியே போகாது. லாக் அளவைக் குறைத்துவிட்டால் வரிகள் வந்துகொண்டே இருக்கும், வேண்டியவை மட்டும் வராது. லாக் சேரும் இடத்தை நினைவகத்துக்கு மாற்றிவிட்டால் ஒரு ரீபூட்டில் உள்ளூர்ப் பிரதியும் போய்விடும். யூடிபி 514 வழியாக அனுப்பினால், போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பும் சர்வருக்கே தெரியாது. முடிந்த இடத்திலெல்லாம் 1514 போர்ட்டில் டிஎல்எஸ் வழியாக அனுப்புங்கள். ஆக, முகவரியோடு ஃபயர்வால் விதி, லாக் அளவு, சேரும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

4. மாற்றியவன் தடமே இல்லாமல் மாற்றுவது கடினம். விசென்டர் வழியாக மாற்றினால் பணிப் பட்டியலில் பயனர் பெயரோடு விழும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து ஷெல்லில் கட்டளை அடித்தால் ‘ஷெல் லாக்’ அதைப் பிடிக்கும். கட்டளை அடித்த பிறகு சிஸ்லாக்கை ரீலோடு செய்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். அந்த இடைவெளியில், மாற்றச் சொன்ன வரியே உங்கள் சேகரிப்பு சர்வருக்கு வந்து சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு சர்வர் பேசாமல் போனால் அது கடைசியாக அனுப்பிய வரிகளைத்தான் முதலில் படியுங்கள். எஸ்எஸ்எச் திறக்கப்பட்டதா, யார் உள்ளே வந்தார்கள், என்ன அடித்தார்கள் என்பது அங்கே கிடைக்கும்.

5. வந்த வரிக்கு மட்டும் அலாரம் வைத்தால் போதாது, வராத வரிக்கும் வையுங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐயில் லாக்கில் ஒரு குறியீட்டு வரியை எழுதச் சொல்லும் கட்டளை இருக்கிறது. அதைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஓட்டி, மறுமுனையில் வந்ததா என்று பாருங்கள். முழு வழியையும் சோதிக்க இதைவிட எளிய முறை எனக்குத் தெரியவில்லை.

6. எல்லா மௌனமும் திருட்டல்ல. சேகரிப்பு சர்வர் சற்று நேரம் விழுந்தால், பழைய 5 வரிசைப் பதிப்புகளில் ரீலோடு செய்யும்வரை லாக் போகாது. ஒரே நேரத்தில் எல்லாச் சர்வர்களும் நின்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். ஒன்று மட்டும் நின்றால் ஆளைத் தேடுங்கள்.

7. மாற்றம் உறுதியானதும் பதற்றத்தில் சரிசெய்யவோ ரீபூட் செய்யவோ வேண்டாம். நினைவகத்தில் இருக்கும் தடயம் அழிந்துவிடும். இருக்கிற அமைப்பையும் லாக் கோப்புகளையும் முதலில் வெளியே எடுங்கள், மேலதிகாரிக்குச் சொல்லுங்கள், அதன்பிறகு கை வையுங்கள்.

இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன், உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் கடைசி லாக் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.