அந்த மூக்கை வடித்தது யார்?

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. கண்ணாடிக் கண் பொருத்தி, பட்டுநூலில் முடி வைத்து, கைத்தறிப் பாவாடை கட்டி நீ நிறுத்தியிருக்கும் பொம்மையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இமையோரத்தில் நீ இழுத்திருக்கும் பழுப்புக் கோடும் கன்னத்தில் ஏற்றியிருக்கும் சிவப்பும் தேர்ந்த கை செய்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவது உனக்குக் கசக்கும்.

கொரியாவிலிருந்து வாங்கிய பிஜேடி என்ற பந்துமூட்டுப் பொம்மையின் தலைக்குச் சிலிக்கான் அச்சு எடுத்தேன், ரெசின் வார்த்தேன், மூக்கு நுனியைத் தேய்த்து உதட்டில் எபாக்ஸி வைத்துத் தடிப்பாக்கினேன், காதை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். நூற்றுக்கு முப்பது பங்கு மாற்றினால் தப்பில்லை என்கிறார்களே, இது இன்ஸ்பிரேஷன்தானே சித்தி என்று கேட்கிறாய். கண்காட்சியில் விற்க வைக்கலாமா என்றும் கேட்கிறாய்.

வைக்காதே. அது இன்னொருவருடைய முகம். முப்பது பங்கு என்ற கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. வசதிக்காக யாரோ சொல்லிவைத்தது கைமாறிக் கைமாறி விதி போல ஆகிவிட்டது. நீ மாற்றாமல் விட்ட எழுபது பங்கு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நெற்றி எந்த இடத்தில் கண்குழிக்குள் இறங்க வேண்டும், மேல் உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டால் முகம் குழந்தையாகத் தெரியும், எவ்வளவு விட்டால் வயது கூடும், இதையெல்லாம் அந்தச் சிற்பி மாதக்கணக்கில் சுரண்டியும் அப்பியும் கண்டுபிடித்திருப்பார். நீ அதை ஒரு பகலில் எடுத்துக்கொண்டாய்.

இங்கே எங்கள் தொழிலில் இதை நான் நிறையப் பார்க்கிறேன். கொலு பொம்மைக்கு முதலில் ஒரு கைதேர்ந்தவர் மண்ணில் மூலம் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என்று அச்சு எடுப்பார்கள். அச்சில் மண்ணை அமுக்கி, இரண்டு பாதியையும் ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, பிறகு வர்ணம். இன்னொருவர் கடையில் அந்தப் பொம்மையை வாங்கிப்போய் அதன்மேலேயே அச்சு எடுக்கிறார். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் அல்லவா? அதனால் நகல் அசலைவிடச் சிறிதாகிறது. அந்த நகலில் இன்னொருவர் அச்சு எடுத்தால் இன்னும் சிறிது. தசாவதார செட் ஒன்றை நாலைந்து கடைகளில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போ. முதல் கடையில் கிருஷ்ணன் புல்லாங்குழல் பிடித்த விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அடுத்ததில் அது மேடாகி வெறும் கோடாக நிற்கும். கடைசிக் கடையில் விரல்களே இல்லை, ஒரு கட்டி மண்ணில் பிரஷ்ஷால் நாலு கோடு போட்டிருப்பார்கள். இமை மடிப்பும் அப்படித்தான் போகும். மூலம் செய்தவருக்குக் கிடைத்தது அன்று வாங்கிய கூலி மட்டும். அவர் பெயர் எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. நல்ல கைகள் இந்தத் தொழிலை விட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ரெசினும் இறுகும்போது கொஞ்சம் சுருங்குகிறது. அதனால்தான் பிஜேடி சேகரிப்பவர்கள் 'ரீகாஸ்ட்' என்று அழைக்கும் திருட்டு வார்ப்பை அசலோடு வைத்து அளந்து பார்க்கிறார்கள். வார்த்த தலை அசலின் கழுத்தில் சரியாக உட்காரவில்லை, உள்ளே எலாஸ்டிக் இழுத்தால் ஒரு பக்கம் சாய்கிறது என்று எழுதியிருக்கிறாயே, காரணம் இதுதான்.

அப்படியானால் பிறர் வேலையைப் பார்க்கவே கூடாதா என்று கேட்பாய். பார்க்க வேண்டும், கண் வலிக்கும்வரை பார்க்க வேண்டும். நீ விரும்பும் இந்தப் பந்துமூட்டுப் பொம்மையின் வம்சாவளியே அப்படி வந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிற்பிகள் செய்த, கைகால் மடங்கும் சிறு மர உருவங்கள் பெர்லின் மியூசியம் ஒன்றில் இருந்தன. 1930களில் ஹான்ஸ் பெல்மர் அவற்றைப் பார்த்தார். வயிற்றில் ஒரு உருண்டையை வைத்து அதைச் சுற்றி மற்ற உறுப்புகள் திரும்பும் அந்த அமைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. 1935ல் தன் இரண்டாவது பொம்மையை அந்த மூட்டை நடுவில் வைத்தே கட்டினார். அவர் செய்தது மர உருவத்தின் நகல் இல்லை. நாஜிகளின் ஜெர்மனியில் இருந்துகொண்டு, உடலைக் கலைத்துக் கலைத்துப் பூட்டிப் போட்டோ எடுத்த வேறொரு வெறி அது. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்காது. ஆனாலும் அது அவருடையது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்புறம் 1965ல் ஜப்பானில் யோட்சுயா சிமோன் என்ற இளைஞர் ஒரு பத்திரிகையில் பெல்மருடைய பொம்மையின் படத்தைப் பார்க்கிறார். அதுவரை தான் செய்துவந்த பொம்மைகள் அவருக்கு அர்த்தமற்றவையாகத் தெரிந்தன. அவர் எடுத்துக்கொண்டது மூட்டு என்ற யோசனையையும், பொம்மை தன்னளவிலேயே ஒரு கலையாக நிற்கும் என்ற தைரியத்தையும். செய்ததோ முற்றிலும் வேறு: உடலைத் திறந்தால் மரச் சக்கரங்கள் தெரியும் இயந்திரச் சிறுவர்கள், தன் முகத்தின் சாயலையே ஏற்றிய உருவங்கள். 1978ல் பொம்மைக் கலைக்கென்று ஒரு பள்ளியும் தொடங்கினார். பெல்மரிடமிருந்து பெற்றதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. 1999ல் வோல்க்ஸ் என்ற ஜப்பானியக் கம்பெனி ரெசினில் சூப்பர் டால்ஃபி பொம்மையை விற்கத் தொடங்கியது. பிறகு கொரியாவிலும் சீனாவிலும் நிறையப் பேர் செய்ய ஆரம்பித்தார்கள். உருண்டை மூட்டும், உள்ளே ஓடும் எலாஸ்டிக்கும், கழற்றி மாட்டும் கண்ணும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. உன் கொரியப் பொம்மையைப் பிரித்து, முழங்கால் எப்படி இரட்டையாக மடங்குகிறது என்று பார்த்து உன் பொம்மைக்கு அந்த வித்தையைக் கொண்டுவா, அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. பார்த்தது உன் கண் வழியாக உள்ளே போய் விரல் வழியாக வெளியே வரும்போது மாறியே தீரும். அச்சு வழியாக வந்தால் நடுவில் ஆளே இல்லை.

அச்சு எடுக்காமல், கையாலேயே செய்துவிட்டால் எல்லாம் சரியா? இங்கேதான் விஷயம் கஷ்டமாகிறது. மார்த்தா நெல்சன் தாமஸ் என்ற பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தவர், கலை படித்தவர். 1970களின் தொடக்கத்தில் துணியில் பஞ்சடைத்து, ஊசி நூலால் கிள்ளிக் கிள்ளித் தைத்து, குண்டுக் கன்னமும் அமுங்கிய மூக்குமாகக் குழந்தைப் பொம்மைகள் செய்தார். கைவினைச் சந்தைகளில் அவற்றை விற்கிறேன் என்று அவர் சொல்லமாட்டார், தத்துக் கொடுக்கிறேன் என்பார். 1976ல் ஜார்ஜியா மாநிலத்துப் பூங்கா ஒன்றின் பரிசுப்பொருள் கடையில் இருந்த சேவியர் ராபர்ட்ஸ் அவற்றை வாங்கி விற்றார். விலையில் இருவருக்கும் ஒத்துவரவில்லை, மார்த்தா தன் பொம்மைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ராபர்ட்ஸ் அதே மாதிரிப் பொம்மைகளை, அதே தத்துக்கொடுக்கும் ஏற்பாட்டோடு, தானே செய்யத் தொடங்கினார். 1978ல் கம்பெனி, 1982ல் கோலெகோ கம்பெனிக்கு உரிமம், 1983 கிறிஸ்துமஸுக்குக் 'கேபேஜ் பேட்ச் கிட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் தள்ளுமுள்ளு. ஒவ்வொரு பொம்மையின் பின்புறத்திலும் ராபர்ட்ஸின் கையெழுத்து.

ராபர்ட்ஸ் தரப்பு, தான் எடுத்தது ஊசியால் துணியை வடிக்கும் பழைய ஜெர்மானிய முறை, அத்தோடு தன் அம்மாவின் தையல் வித்தை என்றே சொல்லிவந்தது. அந்த முறை யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மைதான். தன் பொம்மைகளுக்கு மார்த்தா பதிப்புரிமை பதிந்து வைத்திருக்கவில்லை. வழக்குப் போட்டார், 1980களின் நடுவில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, தொகை வெளியே தெரியாது. 2013ல் அவர் இறந்தார். இதே ராபர்ட்ஸின் கம்பெனி 1986ல், தன் பொம்மைகளைக் கேலி செய்து படஅட்டை அச்சிட்ட டாப்ஸ் கம்பெனிமேல் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. தன் வேலையை இன்னொருவர் எடுத்தால் எப்படி வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

மார்த்தாவிடமிருந்து ராபர்ட்ஸ் எடுத்ததில் அச்சே கிடையாது. அவர் முதலில் செய்தவை கையால் தைத்தவைதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. தையல் முறையை அவர் எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. அந்த முகத்தின் ஜாடை, தத்துக் கொடுக்கும் அந்த நினைப்பு, வாங்கும் அதே கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டதுதான் தாங்கவில்லை. ஆகவே, எந்தப் பொம்மையைப் பார்த்து நீ ஒன்று செய்தாலும், அதைச் செய்தவரே உன் கண்காட்சி மேசைக்கு வந்து நிற்பதாக நினைத்துக்கொள். இது உங்களைப் பார்த்துச் செய்தது என்று கூசாமல் சொல்லி, எந்த இடத்தில் உன் வழி பிரிந்தது என்று விரலால் தொட்டுக்காட்ட முடியுமா? முடிந்தால் விற்கலாம். அவர் வந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டால் விற்காதே.

விலை கொடுத்துப் பெறும் வழியும் இருக்கிறது. பார்பி 1959ல் வந்ததற்கு முன்னோடி, 1955லிருந்து ஜெர்மனியில் விற்ற லில்லி என்ற பொம்மை. வழக்கு, சமரசம் எல்லாம் நடந்த பிறகு 1964ல் மேட்டல் கம்பெனி லில்லியின் உரிமைகளை 21,600 டாலருக்கு வாங்கியது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. நீ சின்ன ஆள், உன்னால் உரிமை வாங்க முடியாமல் போகலாம். ஆனால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்க முடியும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள், உனக்கே நாளைக்கு உதவும். நம் நாட்டில் கலைப்படைப்புக்குப் பதிப்புரிமை, படைத்த உடனேயே வந்துவிடுகிறது, பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. படைத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் அது நிற்கும். வெளிநாட்டுச் சிற்பிக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: டிசைனாகப் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். பொம்மை சிற்பமா டிசைனா என்பது வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் பார்த்து முடிவு செய்வது. அச்சு போட்டு நிறைய விற்கும் எண்ணம் இருந்தால், படத்தை வெளியே காட்டும் முன்பே டிசைன் பதிவுக்குப் போ. கிடைத்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. கொலு பொம்மைக்காரர்களில் இதைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அசல் பொம்மை அத்தனை விலை, எல்லோராலும் வாங்க முடியுமா, நகல் விற்றால் அவருக்கு என்ன நஷ்டம் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். வாங்க முடியாத ஏக்கம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் இந்தப் பொம்மைகளைச் செய்வோரில் பலர் தனி ஆட்கள், ஒன்றிரண்டு பேர் கூடிய சின்னப் பட்டறைகள். ஒரு முகத்துக்கு ஆர்டர் எடுத்து, குறைந்த எண்ணிக்கையில் வார்த்து, அந்தப் பணத்தில்தான் அடுத்த முகத்தைத் தொடங்குவார்கள். விலை அதிகம் என்றால் வாங்காமல் இருக்கலாம், பணம் சேர்க்கலாம், சொந்தமாகச் செய்யக் கற்கலாம். அடுத்தவர் உழைப்புக்கு நாமே விலை குறைத்து விற்க உரிமை இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. வார்த்து வைத்திருக்கும் தலைகள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அச்சைக் கத்தரித்துப் போட்டுவிடு. இருந்தால் ஒருநாள் கை அரிக்கும். கண்காட்சிக்கு அந்த அசல் கொரியப் பொம்மையையே எடுத்துப் போ. சிற்பியின் பெயரை எழுதி, முக ஓவியமும் உடையும் மட்டும் என்னுடையவை என்று அட்டை வை. பிஜேடி உலகில் முகம் தீட்டுவதே தனித் தொழில். பிறர் அனுப்பும் அசல் தலைகளுக்குக் கூலி வாங்கிக்கொண்டு தீட்டித் தரலாம். உன் பழுப்புக் கோட்டுக்கு ஆள் வரும்.

அடுத்து, மண்ணை எடுத்து ஒரு தலை செய். போனில் சேர்த்துவைத்திருக்கும் படங்களைச் செய்யும்போது பார்க்காதே. ஒரே ஆளின் பொம்மையைப் பார்த்துக்கொண்டே செய்தால் கை தானாக அங்கே போய்விடும், அது திருட்டு என்று உனக்கே தெரியாது. ஆட்களைப் பார். உன் பாட்டியின் மூக்கை நினைத்துப் பார். எத்தனையோ வருஷம் மூக்குத்தி கிடந்த அந்தப் பக்கத்து மடல் மட்டும் லேசாகத் தடித்துக் கீழே இறங்கியிருக்கும். எந்த ரெசின் பொம்மையிலும் அந்த மூக்கை நான் கண்டதில்லை. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வை. நாளைக்கு யாராவது உன் பொம்மையின்மேல் அச்சு எடுத்தால் அதுதான் உன் சாட்சி.

மண்பொம்மை ஊரான விளாச்சேரிக்கு அடுத்த வாரம் போகிறேன், சலித்த மண் கொஞ்சம் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது தலையைக் கொண்டுவா. முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஈரத்துணி சுற்றி எடுத்து வந்தால் போதும். மண் ஈரமாக இருக்கும்போது சொன்னால்தான் திருத்த முடியும்.

அன்புடன்,
உன் சித்தி