வெயிலில் காயும் பேட்டரி

டிவி ரிமோட் மக்கர் செய்ததும் பென்சில் பேட்டரியைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வெயிலில் சார்ஜ் ஏறுமாம். எதுவும் ஏறுவதில்லை. சூட்டில் உள்ளிருக்கும் வேதிவினை சற்று வேகம் பிடித்து, வெளிவராமல் தங்கிய மிச்சம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சாதாரண கார்பன்-துத்தநாக பேட்டரியில் துத்தநாக டப்பாவே எதிர்மின்முனை. உழைக்க உழைக்க அது அரிக்கப்பட்டு மெலிகிறது. தீர்ந்ததைச் சூடாக்கினால் கசியும். ரிமோட் ஸ்பிரிங்கில் படரும் துரு பெரும்பாலும் கசிவால் வந்ததுதான்.

“ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரணம் 1.5, அதனால் பவர் கம்மி” என்று கடையிலேயே சொல்வார்கள். எண்கள் சரி, முடிவு தவறு. 1.5 என்பது புது பேட்டரியின் தொடக்கம் மட்டுமே. பயன்படுத்தப் பயன்படுத்த 1.2, 1.1, 1 என்று இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் வகையான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோ பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும். அதன் உள்தடையும் குறைவு. மோட்டார் வைத்த பொம்மைக் கார், கேமரா ஃபிளாஷ் போல மின்சாரத்தை அள்ளிக் குடிப்பவற்றில் ரீசார்ஜ் செய்ய முடியாத அல்கலைன் பேட்டரியைவிட அதுவே நின்று உழைக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது: நான்கு ரீசார்ஜ் பேட்டரி, நல்ல சார்ஜர் ஒன்று.

அதற்காக எல்லாவற்றிலும் அதையே போட வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரம் துளித்துளியாகத்தான் எடுக்கும். சாதாரண பேட்டரியிலேயே ஓராண்டு ஓடும். ஆண்டுக்கொருமுறை சார்ஜ் செய்து, போட்ட காசை எடுப்பதற்குள் ரீசார்ஜ் பேட்டரி மூப்படைந்துவிடும்.

சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய ரகத்துக்குப் பொருந்தும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் பேட்டரியைக் கொண்டுவந்தது. அதுபோல ஓராண்டு கிடந்தாலும் சார்ஜின் பெரும்பகுதியைக் காக்கும் ரகங்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பதும் பழைய நிக்கல்-காட்மியம் ரீசார்ஜ் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போதையவற்றை அடியோடு வடியவிட்டால், சேர்த்துப் போட்ட நான்கில் பலவீனமான ஒன்றின் மின்முனைகள் தலைகீழாகி அது கெட்டுவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: அல்கலைன் பேட்டரியை ரீசார்ஜ் சார்ஜரில் போட்டுப் பார்ப்பது. உள்ளே வாயு சேர்ந்து உறை பிளந்தால் வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தோலையும் கண்ணையும் பொசுக்கும் காரம் அது.