பழந்தெருவில் புது வீடு

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடைபெறுவதை வேலூர்ப் பகுதியினர் யாவரும் அறிவர். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலைச் சென்று அடையும்வரை வழிநெடுகிலும் மக்கள் கூட்டம் நெருங்கி நிற்கும். வெயில் கடுமையான அந்நாளில் முதியோரும் குழந்தைகளும் ஒதுங்குமிடம் தெருவோரத்துத் திண்ணைகளே. சொந்த வீடு, அயல் வீடு என்ற வேற்றுமை அன்றைக்கு இல்லை. திண்ணையைக் கட்டியவர் ஒருவர். அதன் நிழலில் நிற்பவர் ஆயிரம் பேர்.

இத்தகைய தெருவில் ஒரு பழைய வீடு இடிக்கப்பட்டு அவ்விடத்தில் புது வீடு எழும்பும்போது என்ன நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பழைய வீட்டை எக்காலமும் இடிக்கவே கூடாது என்று கூறுவது நம் நோக்கமன்று. கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளுக்குத் திருமணமாகிக் குடும்பம் பெருகுகிறது, கழிப்பறை வேண்டியிருக்கிறது. மக்கள் வசதியாக வாழ வேண்டியவர்களேயன்றிக் காட்சிசாலைக் காவலர்கள் அல்லர். ஆயினும் புது வீட்டைக் கட்டும் முறையில் தெருவைக் கெடுக்கும் முறையும் உண்டு, தெருவுக்கு வலுவூட்டும் முறையும் உண்டு. இரண்டிற்கும் செலவில் பெரிய வேற்றுமை இல்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

முதலில் பழைய தெருவின் அமைப்பை நோக்குவோம். கௌண்டின்ய நதியின் இரு கரையிலும் பரவியுள்ள குடியாத்தம், கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் வீடு என்பது குடியிருப்பு மட்டுமன்று, அது தொழிற்சாலையுமாகும். குழித்தறி தரையில் பதிந்திருக்கும். பருத்தி நூலுக்கு ஈரப்பதம் வேண்டும்; காற்று வறண்டால் இழை அறும். மண் தரையும் ஓட்டுக் கூரையும் அந்த ஈரத்தையும் குளிர்ச்சியையும் காத்து வந்தன. பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கு நேரான நீண்ட தெரு வேண்டும். ஆகவே வீடு, தறி, தெரு என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தரைத்தளம் முழுவதையும் தூண்கள் மேல் தூக்கி வண்டி நிறுத்துமிடமாக்கிவிட்டால், குழித்தறிக்கு இடம் எங்கே? மாடியில் குழி தோண்ட இயலாது. வீட்டின் வரைபடம் மாறும்போது குடும்பத்தின் தொழிலும் மாறிவிடுகிறது என்பதைப் பலர் கட்டி முடித்த பின்னரே உணர்கின்றனர்.

இக்காரியத்தில் நமக்கு மிக அருகில் உள்ள முன்மாதிரி புதுச்சேரி. 1761-இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்ட அந்நகரம், 1765-க்குப் பின்னர் மீண்டும் எழுந்தது. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பிரெஞ்சுப் பகுதியின் வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் மறைந்து நிற்பவை. தமிழர் வீடுகளோ தெருவோடு உரையாடுபவை. தெருவையொட்டி மரத்தூண்கள் மேல் சாய்வான ஓட்டுத் தாழ்வாரம், அதற்கடுத்துத் திண்ணை, வேலைப்பாடமைந்த கதவு, பின்னர் முற்றம் என்பது அவற்றின் வரிசை. வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்து செல்வதால் மழையிலும் வெயிலிலும் தெருக்கோடி வரை நடக்கலாம்.

காலப்போக்கில் இத்தாழ்வாரங்கள் இடையிடையே அறுபட்டுப்போயின. 1984-இல் தொடங்கப்பட்ட இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையின் புதுச்சேரிக் கிளை, ஐரோப்பிய ஆணையத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்ட உதவியுடன், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வைசியாள் தெருவை எடுத்துக்கொண்டது. அவ்வேலை தனித்த ஒரு மாளிகையைப் பொன்னைப்போல் மெருகிடும் வேலையன்று. ஒரு தெருவின் முகப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி, விடுபட்ட தாழ்வாரங்களை மீண்டும் இணைப்பதாகும். வீட்டின் உட்புறத்தில் அவரவர் விருப்பம் நின்றது. முகப்பு மட்டும் தெருவுக்கு உரியதாயிற்று. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் அத்தெருவை நாடி வந்தது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், தெருவோரக் கட்டடம் ஒவ்வொன்றும் தன் முன்புறத்தில் கூரையிட்ட நடைவழி ஒன்றை விட வேண்டும் என்று விதித்தார். அவ்வழி பினாங்கிலும் மலாக்காவிலும் பரவியது. அங்குள்ள தமிழர் இன்றும் அதனை ‘அஞ்சடி’ என்றே அழைக்கின்றனர். நிலம் வீட்டுக்காரருடையது, நடை ஊராருடையது. 1989-இல் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. இங்கெல்லாம் புதிதாகக் கட்டுவோரும் அஞ்சடியை அடைத்துவிட இடமில்லை. நம் திண்ணைக்கும் இந்த அஞ்சடிக்கும் உறவு நெருக்கமானது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். பதினாறு அடி அகலமும் எழுபது அடி நீளமும் உள்ள ஒரு மனையை வைத்துக்கொள்வோம். இருபுறமும் ஓட்டு வீடுகள். தெருவின் அகலம் இருபது அடி. வீட்டுக்காரருக்கு மாடி அவசியம் வேண்டும். மாடி கட்டினால் தெருவின் தோற்றம் கெடும் என்று சிலர் கூறுவர். எங்கே கட்டுவது என்பதை அறிந்தால் அது கெடாது. சிறு கணக்கு ஒன்றே போதும்.

மனையின் முதல் ஐந்தடியைத் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் ஒதுக்குக. அடுத்த பதினேழு அடி தறிக்கூடம். இவ்விரண்டையும் சேர்த்து, இருபத்திரண்டு அடிக்கு இருபுறமும் சாய்ந்த ஓட்டுக் கூரை அமைக்கலாம். திண்ணைத் தளம் தெருவிலிருந்து 2 அடி உயரம், அதன்மேல் தூண் 7 அடி. ஆகவே கூரையின் தாழ்ந்த விளிம்பு 9 அடி உயரத்தில் நிற்கும். முப்பது பாகைச் சாய்வில் ஓட்டுக் கூரை ஓர் அடிக்கு ஏறக்குறைய 7 அங்குலம் உயரும். எனவே பதினோராவது அடியில் வரும் முகடு சுமார் பதினைந்தரை அடி உயரத்தில் அமையும். தறிக்கூடத்தை அடுத்து ஒன்பது அடிக்கு முற்றம். ஆக 31 அடி ஆயிற்று. முற்றத்துக்குப் பின்னால் முப்பது அடிக்குச் சமையலறை, படுக்கையறை, படிக்கட்டு, மேலே மாடி. மீதமுள்ள ஒன்பது அடி கொல்லை.

இப்பொழுது எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து ஒருவர் நிற்கிறார் என்க. அவர் கண் 5 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து முகடு 31 அடி தொலைவு. கண்ணைவிடப் பத்தடிக்குச் சற்று மேல் உயரம். அதாவது அவருடைய பார்வை மூன்றடிக்கு ஓர் அடி வீதம் மேல்நோக்கிச் செல்கிறது. மாடியின் உச்சி தெருவிலிருந்து 22 அடி. கண்ணைவிட 17 அடி அதிகம். மூன்றால் பெருக்கினால் 51 அடி. தெருவின் இருபதைக் கழித்தால் 31 அடி. மாடி தொடங்குமிடமும் அதுவே! முகடு மாடியை மறைத்துவிடுகிறது. தெருவில் நிற்பவருக்கு அது பழைய வரிசையில் மற்றொரு ஓட்டு வீடு; உள்ளே வாழ்பவருக்கோ இரண்டு அடுக்கு வீடு. அகலமான தெருவில் மாடி சிறிது தெரியும். அதனால் குற்றமில்லை, தெருவின் விளிம்பில் சுவராக எழும்பி நிற்காதிருந்தால் போதும்.

அலங்காரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்து, சிமென்டில் வார்த்த தூண்களையும் பொம்மைகளையும் முகப்பில் ஒட்டிவைப்பதே மரபைக் காப்பது என்று எண்ணுவோர் உளர். செட்டிநாட்டில் அத்தூண்கள் பர்மாத் தேக்கின் செழிப்பால் வந்தவை. நெசவாளர் தெருவில் அவற்றின் நகல் இரவல் நகைபோல் தோன்றும். பக்கத்து வீட்டின் கூரை விளிம்பு, திண்ணை மட்டம், கதவு நிலையின் உயரம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றோடு ஒத்துப்போகும் எளிய சுண்ணாம்புச் சுவரே நமக்கு அதனினும் மேலானதாகப்படுகிறது. தூண் கருங்கல்லாயினும் இரும்புக் குழாயாயினும் கேடில்லை. அதன் பருமனும் இடமும் பொருந்தினால் சரி.

தோற்றத்தைவிட முக்கியமானது பக்கத்து வீட்டின் பாதுகாப்பு. வரிசை வீடுகளில் நடுச்சுவர் பெரும்பாலும் பொதுச்சுவராக இருக்கும். அயலாரின் உத்தரமும் வாரையும் அதில் ஊன்றி நிற்கலாம். நம் வீட்டை ஒரே நாளில் இயந்திரத்தால் இடித்துத் தள்ளினால், மறு மழைக்கு அவருடைய கூரை சரியக் கூடும். பழைய மண்சுவருக்கு அடித்தளம் ஆழமாக இராது. அதன் அருகில் முழு நீளத்துக்கும் வானம் தோண்டிப் போட்டுவிட்டு, கம்பி வருவதற்காகப் பத்து நாள் காத்திருப்பது பெருந்தவறு. நாலைந்து அடி நீளத்துக்குத் தோண்டி, அடித்தளம் போட்டு இறுகிய பின்னர், இடைவெளி விட்டு அடுத்த துண்டைத் தோண்ட வேண்டும். இடிக்கும் முன்னர் அயலாரின் உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்தல் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

சுண்ணாம்பிலும் மண்ணிலும் எழுந்த பொதுச்சுவர் மீது சிமென்டுப் பூச்சுப் பூசுவதும் இத்தகைய தவறே. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே ஆவியாக வெளியேறும்; சிமென்டு அதனை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் சில ஆண்டுகளில் செங்கல்லைப் பொடியாக்கிவிடுகின்றன. பழஞ்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே உற்ற துணை. புதுச்சேரி நகர மன்றமான மேரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அழகிய கட்டடம், பல்லாண்டுகள் பராமரிப்பின்றி நின்று 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தனர். அத்தகைய செலவை அரசு ஏற்கலாம். நெசவாளர் குடும்பம் ஏற்க இயலாது.

அடுத்தது தண்ணீர். சாலையைச் சுரண்டாமல் மேலும் மேலும் தார் போடுவதால் தெருமட்டம் உயர்ந்து, பழைய திண்ணைகள் தாழ்ந்துவிடுகின்றன. இதனை அஞ்சிப் புது வீட்டுக்காரர் நாலடி, ஐந்தடி மேடையிட்டுக் கட்டுகிறார். அவருடைய முற்றத்து நீரும் மொட்டைமாடி நீரும் பக்கத்து வீட்டுக்குள் செல்கின்றன. 2021 நவம்பரில் கௌண்டின்ய நதியில் பெருவெள்ளம் வந்ததைக் குடியாத்தத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தனி ஒருவர் மேடையை உயர்த்தித் தப்பித்துக்கொள்வதைவிட, சாலையைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கே போடும்படி தெருவார் ஒன்றுகூடி வற்புறுத்துவதும், வடிகாலைத் தூர் எடுப்பதும் அனைவருக்கும் பயன் தரும். புது வீட்டின் கூரை நீரைக் குழாய் வழியே சொந்த முற்றத்தில் உறிஞ்சுகுழிக்கு இறக்கிவிடுக.

சட்டங்களையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள வேலூர்க் கோட்டை போன்ற சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் இருநூறு மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்டலாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் இது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் நிறைவேறியது. மற்றத் தெருக்களில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொருந்தும். தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் விட வேண்டிய காலியிடம் வேறுபடும். ஆகவே மேற்கூறிய அளவுகளை மாதிரியாக மட்டும் கொண்டு, நம் மனை எந்த வகையில் சேர்ந்தது என்பதை நகராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிக. முன்புறம் இடம் விட்டே ஆகவேண்டிய மனையில், அவ்விடத்தை உயர்ந்த மதிலாலும் இரும்புக் கதவாலும் அடைக்காமல், பக்கத்து வீட்டுத் திண்ணை மட்டத்திலேயே திறந்த தளமாக விடலாம். திண்ணை சொந்த நிலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாலையில் இறங்கிய திண்ணையை நகராட்சி இடித்தால் முறையிட இடமிராது.

பொறியாளரிடம் செல்லும் முன்னர் வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கும் பெரிய சார்ட்டுத் தாள் ஒன்று போதும். அங்குலத்துக்கு 8 அடி என்ற அளவில், நம் மனைக்கு இடப்புறம் ஐந்து வீடுகளையும் வலப்புறம் ஐந்து வீடுகளையும் முகப்புத் தோற்றமாக வரைக. ஒவ்வொன்றும் பதினாறடி அகலமாயின் பதினொரு மனைகளும் 22 அங்குலத்தில் அடங்கிவிடும். நீண்ட மூங்கிற்கழியில் அடிக்கோடுகள் குறித்துக்கொண்டு, கூரை விளிம்பு, திண்ணை, கதவு நிலை ஆகியவற்றின் உயரங்களை அளக்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் இதனை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுவார்கள். நடுவில் வெற்றிடமாக நிற்கும் நம் மனையில் புது வீட்டின் முகப்பைப் பென்சிலால் போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தாவிடில் அழிக்க ரப்பர் போதும். பிறகு இருபுறத்து அண்டை வீட்டாரிடமும் அதனைக் காட்டுக. பொதுச்சுவர்ப் பேச்சும் அப்பொழுதே தொடங்கிவிடும். அனுமதிக்காகக் கொடுக்கும் வரைபடத்துடன் இத்தாளையும் இணைக்கலாம். அங்கே கேட்காவிட்டாலும், கொத்தனார் கையில் இதன் நகல் ஒன்று இருக்கட்டும்.