உங்கள் சேமிப்பை எங்கே, எப்போது முதலிடுவது?

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தை, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரே நாளில் எங்கோ ஒப்படைத்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் தங்கியிருக்கும் பணம் அது. எனவே, முதலிடுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. கடன் உண்டா? அடகு வைத்த நகைக்கு நூற்றுக்கு 15 வட்டி கட்டிக்கொண்டு, வைப்புப் பணத்துக்கு நூற்றுக்கு 8 வட்டி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இலட்சத்திலும் ஆண்டுக்கு 7,000 ரூபா உங்கள் கையைவிட்டுப் போகிறது. அப்படியாயின் நகையை மீட்பதே முதல் முதலீடு.

2. அவசரத்துக்குப் பணம் உண்டா? நோயும் வேலையிழப்பும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம், கேட்டவுடன் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். இதில் வட்டி குறைவே; ஆனால் அவசரத்தில் கடன்படாமல் காப்பது இதுவே.

3. மிகுதிப் பணம் எப்போது தேவைப்படும்? முதலிடும் இடத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். அடுத்த ஆண்டு வேண்டிய பணத்தை நிலையான வைப்பிலோ, 91, 182, 364 நாட்களில் முதிரும் திறைசேரி உண்டியலிலோ இடலாம். தேவைப்படும் நாளுக்கு முன் அது முதிர வேண்டும். காணியையும் பங்குகளையும் பத்தாண்டுக்குத் தொடாமல் விடக்கூடிய பணத்தில் மட்டும் வாங்குங்கள். அவசரத்தில் விற்பவனுக்கு நல்ல விலை கிடையாது.

அதற்காக எல்லாவற்றையும் வைப்பிலேயே விடுவதும் முழுப் பாதுகாப்பன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பில் நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 70 உயர்ந்திருந்தன. அந்த ஓராண்டில் நூற்றுக்கு 10 வட்டி பெற்றவரின் ஓர் இலட்சம் 1,10,000 ஆகியது. அதே பொருட்களை வாங்கவோ 1,70,000 ரூபா வேண்டியிருந்தது. ஆகவே நீண்டகாலப் பணத்தைப் பல இடங்களில் பிரித்து இடுங்கள்.

4. யாரிடம் கொடுக்கிறோம்? 2008 இறுதியில் கோல்டன் கீ கம்பனி வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. கூடுதல் வட்டியே மக்களை இழுத்தது. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. 2020இல் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானபோது, வைப்பாளர் ஒருவருக்குக் காப்புறுதியாகக் கிடைக்கக்கூடியது 6 இலட்சம் ரூபா வரையே. 2021இல் இவ்வெல்லை 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரே நிறுவனத்தில் இதற்கு மேல் வைக்குமுன் இருமுறை சிந்தியுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே சட்டப்படி பிணை நிற்கிறது.

ஊரில் எவரும் கொடுக்காத வட்டியை ஒருவர் மட்டும் தருவதாகச் சொன்னால், "அது எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். "இன்றே தாருங்கள், நாளை இடமில்லை" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு சதமும் கொடாதீர்கள். நல்ல முதலீடு நாளைக்கும் இருக்கும். போன பணம் திரும்பி வருவது அரிது.