அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா அழும்போதெல்லாம், "விசுவாசம் உள்ளவர்கள் இப்படி அழலாமா?" என்று உறவினர்கள் கடிந்துகொள்கிறார்கள். அழுவது தவறா?
– வாசகி, கீரனூர், திண்டுக்கல் மாவட்டம்

தவறே இல்லை. லாசரை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும், அவருடைய சகோதரி மரியா அழுததைக் கண்டு இயேசுவே கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம். தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியதும் அழுகைக்குத் தடை அல்ல. நம்பிக்கை இழந்து துயரப்பட வேண்டாம் என்பதுதான்.

சிலுவையடியில் நின்ற வியாகுல மாதாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை செப்டம்பர் 15-ஐ ஒதுக்கியிருக்கிறது. அந்தத் தாயின் துயரத்தை வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று தனி நூலாகவே பாடினார். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, ஐப்பசிக் காற்றில் அணையும் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்து மறுபடி ஏற்றுவார்கள். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அங்கே அழுபவர்களை யாரும் தடுப்பதில்லை.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் யோபுவின் நண்பர்களை நினைக்க வேண்டும். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுதான் இரக்கம். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவர் புண்ணைக் கிளறினார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அப்பாவின் பெயரைப் பங்குக் கோயிலில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். உறவினர்களையும் அழைக்கலாம். அம்மா அன்று அழுதால் அழட்டும்.