மடித்துப் பார்த்தால் பொருந்துமா?

வீரசோழன் பகுதியில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். சமச்சீர்த் தன்மை எளிய பாடம் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒரு தேர்வில், இணைகரத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. காரணம் கேட்டேன். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, ரெண்டு பாதியும் சமமா இருந்தா சமச்சீர்க் கோடுன்னு!" என்றாள் ஒரு மாணவி. தவறு என்னுடையது. இரு பாதிகளும் சர்வசமமாக இருப்பது மட்டும் போதாது. ஒன்று மற்றொன்றின் எதிரொளிப்பாக, அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அமைய வேண்டும்.

மறுநாள் பழைய நாளிதழும் கவராயமும் கொண்டு இரு செயல்பாடுகளைச் செய்தோம்.

செயல்பாடு 1: செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் ஆகியவற்றை வெட்டி, மூலைவிட்டத்தில் மடித்தல். சாய்சதுரம் மட்டுமே பொருந்தியது. செவ்வகத்தில்கூட முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். பிறகு எல்லா வழிகளிலும் மடித்துக் கோடுகளை எண்ணினோம்: சதுரம் 4, செவ்வகம் 2, சாய்சதுரம் 2, இணைகரம் 0.

செயல்பாடு 2: தாளில் அ, ஆ, இ என முனைகளுள்ள முக்கோணம் வரைந்து, அதன் அருகே சாய்வாக ஒரு மடிப்பு. மடித்த நிலையில் முனைகளைக் கவராய முள்ளால் குத்தி, விரித்து, துளைகளை இணைத்தல். அளந்தபோது பக்கங்களும் கோணங்களும் மாறவில்லை. எனவே பரப்பும் மாறாது. ஒவ்வொரு முனையையும் அதன் பிம்பத்தையும் இணைக்கும் கோட்டை மடிப்பு செங்குத்தாக இருசமமாக வெட்டியது. ஆனால் கடிகாரத் திசையில் சென்ற அ, ஆ, இ வரிசை, பிம்பத்தில் எதிர்த்திசையில் சென்றது. எதிரொளிப்பு மாற்றுவது இதைத்தான்.

மடிப்பைச் சாய்வாகப் போடுவது முக்கியம். கண்மாய் நிறைந்தால் கரைப் பனை நீரில் தலைகீழாகத் தெரியும்; வீட்டுக் கண்ணாடியில் இடவலம் மாறும். இவற்றையே பார்த்த பிள்ளைகள் சாய்ந்த கோட்டில் தடுமாறுகிறார்கள்.

இணைகரத்தின் இரு பாதிகள் பிறகு எப்படிச் சமமாயின? மூலைவிட்டத்தின் நடுப்புள்ளியில் 180° சுழற்றினால் ஒரு பாதி மற்றதன் மேல் பொருந்தும். அது சுழல் சமச்சீர். கேள்வி கேட்ட அதே மாணவி, தன் வீட்டுச் சிக்குக்கோலத்தை வரைந்து வந்து, "இதுவும் சுத்தினா பொருந்துது, மடிச்சா பொருந்தல" என்றாள்.

இப்போது 'சமம்' என்று சொல்லி நான் வரையறையைத் தொடங்குவதில்லை. "மடித்துப் பார்த்தால் பொருந்துமா?" என்று கேட்டே தொடங்குகிறேன்.